பூந்தொட்டி உடையாம இருக்க கம்பி வச்ச தோட்டக்காரர்... இன்னைக்கு உங்க வீட்டு பீம் நிக்க அவரும் ஒரு காரணம்! யார் இந்த ஜோசப் மோனியே?

கோவையிலிருந்து பொள்ளாச்சி போற ரோட்டுல கிணத்துக்கடவைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் வெளியே பாருங்க. மேம்பாலம், கடைகள், மாடி வீடுகள், தென்னந்தோப்புக்குள்ள நிக்கிற தண்ணீர் தொட்டிகள். எல்லாமே கான்கிரீட். எல்லாத்துக்குள்ளேயும் கம்பி.

சிமெண்டுக்குள்ள கம்பி வைக்கணும்ங்கிறது இன்னைக்கு நமக்கு சாதாரண விஷயம். ஆனா 150 வருஷத்துக்கு முன்னாடி அது யாருக்கும் தெரியாத வித்தை. அந்த வித்தையை உலகத்துக்குக் கொண்டுபோனவர் இன்ஜினியர் இல்லை. காலேஜ் படிச்சவரும் இல்லை. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கே போகாத ஒரு தோட்டக்காரர். அவர் பேரு ஜோசப் மோனியே.

இப்போ ஏன் அவரைப் பத்திப் பேசணும்? காரணம் இருக்கு. விரிசல் விட்ட பழைய கான்கிரீட் பீம்களை, துணி மாதிரி நெய்த வலையையும் சிமெண்ட் கலவையையும் வச்சு பலப்படுத்துற ஒரு முறை உலகம் முழுக்க வளர்ந்துட்டு வருது. ரொம்பப் புதுசுன்னு சொல்லப்படுற இந்த டெக்னிக்கோட வேரைத் தேடிப் போனா, மோனியேவோட பூந்தொட்டியில்தான் போய் நிக்குது.

யார் இந்த மோனியே?

1823 நவம்பர் 8. பிரான்ஸின் தென்பகுதியில், சான்-காந்தான்-லா-போத்ரி என்ற கிராமத்தில் பிறந்தார் மோனியே. மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அப்பா, உஸேஸ் பிரபுவின் குடும்பத்தில் தோட்ட வேலை பார்த்தவர். வீட்டில் நிறைய பிள்ளைகள். ஜோசப்பைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அப்பாவோட தோட்டத்துலயே மண்வெட்டி பிடிக்கக் கத்துக்கிட்டார்.

வேலையில் கெட்டிக்காரர். பதினேழு, பதினெட்டு வயசுலயே பிரபுவின் கண்ணில் பட்டார். பாரிஸ் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அவரை அழைத்துக்கொண்டார்கள். பாரிஸ் வந்த பிறகுதான், பகலில் தோட்ட வேலை, மாலையில் வகுப்பு என்று எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

1846-ல் பிரபுவின் வேலையை விட்டார். பாரிஸின் மையத்தில் உள்ள அரச தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் கதையே திரும்புது.

ஒரு தொட்டியால வந்த தலைவலி

பாரிஸில் குளிர்காலம் கடுமையானது. ஆரஞ்சு மரங்களைத் திறந்த வெளியில் விட்டா கருகிடும். அதனால பெரிய பெரிய தொட்டிகளில் வளர்த்து, குளிர் வந்ததும் தொட்டியோட தூக்கிட்டுப் போய் கண்ணாடி ஜன்னல் வச்ச கூடத்துக்குள்ள வைப்பாங்க. வெயில் வந்ததும் மறுபடி வெளியே.

இங்கேதான் சிக்கல். மரத் தொட்டி ஈரத்தில் அழுகிடும். மண் தொட்டி தூக்கும்போது உடையும். வெறும் சிமெண்ட் தொட்டி செஞ்சு பார்த்தா, வேர் உள்ளிருந்து தள்ளும்போதும், ஆட்கள் இழுத்து நகர்த்தும்போதும் விரிசல் விடும்.

மோனியே ஒரு வேலை செஞ்சார். இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமா கட்டி, கூடை மாதிரி ஒரு வலை பின்னினார். அதன் மேல சிமெண்ட் கலவையைப் பூசினார். தொட்டி மெல்லிசா இருந்தது, ஆனா உடையல.

கவனிங்க. அவர் செஞ்சது இன்னைக்கு நாம பார்க்கிற பீம் மாதிரி தடிமனான கான்கிரீட்டுக்குள்ள நாலு தடிக் கம்பி வைக்கிற வேலை இல்லை. மெல்லிய சிமெண்ட் பூச்சு, நடுவுல நெருக்கமான வலை. இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்கோங்க. கடைசியில் இங்கேதான் திரும்பி வருவோம்.

முதல் ஆள் இவர்தானா?

இல்லை. அதையும் நேர்மையா சொல்லணும். பிரான்ஸிலேயே ஜோசப்-லூயி லாம்போ என்பவர் 1848 வாக்கிலேயே கம்பி வலையும் சிமெண்டும் சேர்த்து ஒரு சின்னப் படகு செய்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அதை வைத்தும் காட்டினார். ஆனா பெருசா யாரும் கண்டுக்கல. இங்கிலாந்தில் வில்லியம் வில்கின்சன் என்ற பிளாஸ்டர் வேலைக்காரர் 1854-லேயே, கான்கிரீட் தளத்தில் இரும்பு வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்.

அப்போ மோனியே எதுல வித்தியாசப்பட்டார்? அவர் ஒரு தொட்டியோட நிறுத்தல. 1867 ஜூலை 16-ல் கம்பி வலை வைத்த சிமெண்ட் தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த வருஷம் குழாய்களுக்கும் தண்ணீர் தொட்டிகளுக்கும், 1869-ல் கட்டடச் சுவர்ப் பலகைகளுக்கும், 1873-ல் பாலங்களுக்கும், 1878-ல் பீம்களுக்கும் காப்புரிமை. ஒரு பூந்தொட்டி யோசனை, பத்துப் பதினோரு வருஷத்தில் ஒரு கட்டுமான முறையாவே வளர்ந்துடுச்சு.

1875-ல் பிரான்ஸின் ஷாஸ்லே கோட்டை அகழி மேல் ஒரு பாலம் கட்டினார். நீளம் சுமார் 14 மீட்டர், அகலம் சுமார் 4 மீட்டர். உலகின் முதல் இரும்பு வலுவூட்டிய சிமெண்ட் பாலம் என்று சொல்லப்படுவது இதுதான். அதோட கைப்பிடியைப் பார்த்தா மரக்கிளை மாதிரியே இருக்கும். ஆனா அதுவும் சிமெண்ட். தோட்டக்காரர் புத்தி எங்கே போகும்?

கை வித்தை தெரியும், கணக்கு தெரியாது

மோனியேவுக்கு ஒரு குறை இருந்தது. கம்பி வச்சா உடையாதுன்னு அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் உடையல, எங்கே வச்சா போதும், எத்தனை கம்பி வேணும்ங்கிற கணக்கு தெரியாது.

அந்தக் கணக்கைப் போட்டவங்க ஜெர்மானியர்கள். 1884-85-ல் மோனியேவின் ஜெர்மன் காப்புரிமை உரிமைகள் அங்குள்ள நிறுவனங்கள் கைக்குப் போயின. கடைசியில் அதை முன்னெடுத்தவர் குஸ்டாவ் அடால்ஃப் வைஸ். அவருக்காக மத்தியாஸ் கோனன் என்ற பொறியாளர் உட்கார்ந்து ஆராய்ந்தார். 1886-ல் தன்னோட கணக்கிடும் முறையை வெளியிட்டார்.

கோனன் சொன்ன அடிப்படை ரொம்ப எளிமையானது. ஒரு பலகையை ரெண்டு பக்கமும் தாங்கி நடுவுல ஏறி நின்னா, பலகை தொய்யும். மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நசுக்கலை நல்லா தாங்கும். ஆனா இழுவையைத் தாங்குற சக்தி, நசுக்கலைத் தாங்குறதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான். அதனால அடிப்பக்கத்தில் கம்பி இருக்கணும். இழுவையைக் கம்பி பார்த்துக்கும், நசுக்கலைக் கான்கிரீட் பார்த்துக்கும்.

இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கு. வெயில் ஏறும்போது எஃகும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும். அப்படி இல்லாம போயிருந்தா, நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கே ரெண்டும் பிரிஞ்சு வந்திருக்கும்.

1887-ல் வைஸ், மோனியே முறை பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். அதுக்கப்புறம் இந்த முறை ஐரோப்பா முழுக்கப் பரவுச்சு. 1890-ல் சுவிட்சர்லாந்தின் வில்டெக்கில் 37 மீட்டர் வளைவுப் பாலம். 1899-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மோனியே முறையில் ஒரு பாலம். அதைக் கட்டியவர்களில் ஒருவர் ஜான் மோனாஷ். பிறகு முதல் உலகப் போரில் தளபதியாகி, இன்று ஆஸ்திரேலியாவின் 100 டாலர் நோட்டில் இருக்கும் அதே மோனாஷ்தான்.

பேரு உலகத்துக்கு... காசு யாருக்கு?

1888 ஜூன். ஜெர்மனியில் மோனியே முறை கொடிகட்டிப் பறந்துக்கிட்டு இருந்த நேரம். பாரிஸில் மோனியேவின் தொழில் திவாலானது. அடுத்த வருஷம் நிறுவனம் கலைக்கப்பட்டது.

அவர் விடல. 1890-ல் இன்னொரு நிறுவனம் தொடங்கினார். 1891-ல் டெலிபோன், மின்சாரக் கேபிள்கள் போகும் குழாய்களுக்குக் காப்புரிமை வாங்கினார். வயசு அப்போ 68. ஆனா பழைய இடத்தைப் பிடிக்க முடியல. அதுக்குள்ள ஃபிரான்சுவா ஹென்னபிக் என்பவர் 1892-ல் தன்னோட பீம் முறைக்குக் காப்புரிமை வாங்கி, கட்டுமான உலகையே தன் பக்கம் திருப்பிட்டார்.

அவர் பேர்ல உலகமெங்கும் பாலமும் தொட்டியும் எழும்பின. ஆனா அந்த லாபத்தில் பெரும்பங்கு உரிமையை வாங்கியவர்களுக்குத்தான் போனது. கடைசிக் காலத்தில் வறுமை. அவருக்கு உதவணும்னு கான்கிரீட் துறையில் இருந்தவங்களே குரல் கொடுக்கும் நிலை வந்தது. 1906 மார்ச் 13-ல் பாரிஸில் இறந்தார் மோனியே.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம். ஜெர்மனியில் கம்பி கட்டுபவர்கள் கையில் வைத்திருக்கும் கட்டுக்கம்பி முறுக்கும் குறடுக்கு இன்றும் மோனியே குறடு என்றுதான் பேர். படிக்காத தோட்டக்காரருக்கு, படிக்காத தொழிலாளிகள் கையில் ஒரு நினைவுச்சின்னம். அதுவே போதும்னு தோணுது.

சரி, நம்ம வீட்டு பீமுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மோனியே வைத்த இரும்பு ஒரு பலவீனத்தையும் கூடவே கொண்டு வந்தது. துரு.

புதுக் கான்கிரீட்டுக்குள்ள காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் கம்பி மேல ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். அது இருக்கும்வரை துரு பிடிக்காது. ஆனா வருஷங்கள் போகப் போக, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள்ள மெல்ல இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட், அதாவது கவர், கம்மியா இருந்தா இது சீக்கிரமே நடக்கும். கவர் பிளாக் வைக்காம கம்பியை செண்ட்ரிங் பலகை மேலயே படுக்க வச்சு கான்கிரீட் போட்ட வீடுகளில் இதுதான் நடக்குது.

துரு, இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் எடுக்கும். உள்ளிருந்து தள்ளும். முதலில் கம்பி ஓடும் வழியிலேயே நீளமா விரிசல். அப்புறம் காரை பெயரும். கடைசியில் பழுப்புக் கம்பி பல் இளிக்கும். மதுக்கரையில் 1930-களிலிருந்தே சிமெண்ட் ஆலை ஓடிய பகுதி இது. கோவை வட்டாரத்தில் கான்கிரீட் கட்டடங்களுக்கு வயசும் அதிகம்.

இப்படிப்பட்ட பீமை இடிக்காம காப்பாத்த முடியுமா? முடியும். அதுக்குப் பல வழிகள் இருக்கு.

ஒன்று, பீமைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டி, புதுக் கான்கிரீட் போடுவது. பலம் கிடைக்கும். ஆனா பீம் தடிக்கும், எடை கூடும், அறையோட உயரம் குறையும்.

ரெண்டு, கார்பன் இழைப் பட்டைகளை எபாக்ஸி பசையால் ஒட்டுவது. மெல்லிசு, எடை இல்லை. ஆனா அந்தப் பசை சூட்டுக்கு இளகும். தீப்பிடித்தால் சீக்கிரமே பிடி விட்டுவிடும். ஈரச் சுவரில் சரியா ஒட்டாது.

மூன்றாவதுதான் நாம பேச வந்தது. நெய்த இழை வலையும் சிமெண்ட் கலவையும்.

எப்படி வேலை செய்யுது?

கார்பன், பசால்ட், அல்லது காரத்தைத் தாங்கும் தனி வகைக் கண்ணாடி இழை. இதைக் கொசுவலையைவிடப் பெரிய கண்களோடு வலையா நெய்வாங்க. சாதாரணக் கண்ணாடி இழை சிமெண்டின் காரத்தில் அரிச்சுடும் என்பதால்தான் சிர்கோனியா கலந்த தனிக் கண்ணாடி. இந்த இழைகளுக்குத் துருப் பிடிக்காது. கார்பன் இழை, எஃகுக் கம்பியைவிடப் பல மடங்கு இழுவையைத் தாங்கும்.

வேலை நடக்கும் வரிசை இது:

முதலில் பீமுக்கு முட்டுக் கொடுத்து சுமையைக் குறைப்பாங்க. பெயர்ந்த காரையை முழுசா தட்டி எடுப்பாங்க. கம்பியில் உள்ள துருவைச் சுத்தம் செய்து, பூச்சுக் கொடுத்து, உடைந்த இடத்தை ரிப்பேர் கலவையால் நிரப்புவாங்க. பரப்பைச் சொரசொரப்பாக்கித் தண்ணீர் விட்டு நனைப்பாங்க. பிறகு சில மில்லிமீட்டர் கனத்தில் நைஸான சிமெண்ட் கலவை. ஈரமா இருக்கும்போதே வலையை அதில் அழுத்திப் பதிக்கணும். அதன் மேல் இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் இன்னொரு வலை, இன்னொரு பூச்சு. பிறகு வழக்கமான நீராற்றல்.

எல்லாம் சேர்த்துக் கூடும் கனம் பொதுவாக 1 முதல் 3 சென்டிமீட்டர்தான். இழைக்குத் துரு இல்லை என்பதால் தடிமனான கவர் தேவையில்லை. கலவை சிமெண்ட் என்பதால் தீயில் எரியாது, ஈரப் பரப்பிலும் ஒட்டும்.

தொய்வுக்காகன்னா பீமின் அடியில் வலை. ஓரங்களில் சாய்வா விரிசல் விட்டிருந்தால் அடியையும் இரு பக்கத்தையும் சேர்த்து ஆங்கில யூ எழுத்து வடிவில் வலை.

ஜெர்மனியின் டிரெஸ்டன், ஆகன் பல்கலைக்கழகங்கள் 1999-லிருந்து பன்னிரண்டு வருஷம் இதை ஆராய்ந்தன. 2006-ல் ஷ்வைன்ஃபூர்ட் நகரில், ஒரு கல்லூரிக் கட்டடத்தின் வளைந்த கான்கிரீட் கூரையை இந்த முறையில் பலப்படுத்தினார்கள். 2013-ல் அமெரிக்க கான்கிரீட் கழகம் இதற்கு ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டது. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் நெய்த இழைக் கான்கிரீட்டில் ஆய்வு செய்து வருகிறது.

இப்போ மோனியேவின் தொட்டியை ஞாபகப்படுத்திப் பாருங்க. மெல்லிய சிமெண்ட் பூச்சு, உள்ளே நெருக்கமான வலை. அன்னைக்கு இரும்பு, இன்னைக்குக் கார்பன். அவர் காலத்தில் இல்லாத கணக்கு இன்னைக்குக் கையில் இருக்கு. நூறு வருஷம் தடிக் கம்பிப் பக்கம் போன கான்கிரீட், அதோட நோயைக் குணப்படுத்த மறுபடி வலைக்கே திரும்பியிருக்கு.

நம்ம ஊர் தேங்காய் நார் வலையை வச்சு செய்ய முடியாதா?

கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தேங்காய் நாருக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே!

நார் வலை மண்சரிவைத் தடுக்க நல்லா பயன்படுது. ஆனா பீமைத் தாங்க அது சரிப்படாது. காரணம் ரெண்டு. நார் ரொம்ப நீளும். பீமில் விரிசல் அகலமான பிறகுதான் அது இழுவையையே வாங்க ஆரம்பிக்கும். அடுத்தது, சிமெண்டின் காரம் தாவர இழையை நாளாக நாளாகப் பலவீனமாக்கும். இதைத் தாண்ட இழைகளைப் பதப்படுத்தும் ஆய்வுகள் உலகம் முழுக்க நடக்குது. ஆனா உங்க வீட்டு பீமில் இப்போதைக்கு முயற்சி செய்ய வேண்டாம்.

சிக்கன் மெஷ் அடிச்சுப் பூசினா போதாதா?

போதாது. இதுதான் பலரும் ஏமாறும் இடம். செங்கல் சுவரும் பீமும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்காம இருக்க கொத்தனார் சிக்கன் மெஷ் அடிப்பார். அது பூச்சுக்குத்தான் காவல், பீமுக்கு இல்லை. பழுப்புக் கம்பி தெரியும் பீம் மேல மெஷ் அடிச்சுப் பூசிட்டா, நோய் உள்ளே ஓடும், வெளியே பளபளன்னு இருக்கும். அடுத்த தடவை காரை பெயரும்போது கம்பியும் பாதி கரைஞ்சிருக்கும்.

நீங்க கவனிக்க வேண்டியது என்ன?

பீமின் நடுவில், அடியிலிருந்து மேல் நோக்கி விரிசல் போனால்: சுமை அதிகம், அல்லது அடிக் கம்பி போதாது.

தூண் பக்கத்தில் சாய்வாக விரிசல் இருந்தால்: இது ஆபத்தான வகை. தள்ளிப் போடாதீங்க.

கம்பி ஓடும் வழியில் நீளமாக, பழுப்புக் கறையோடு விரிசல் இருந்தால்: துரு உள்ளே வேலை செய்யுது.

இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பூச்சு வேலை செய்பவரை இல்லை, கட்டமைப்புப் பொறியாளரை. கான்கிரீட்டின் பலம், கம்பியின் நிலை, கவர் அளவு எல்லாத்தையும் இடிக்காமலேயே சோதிக்கக் கருவிகள் இருக்கு. கோவையில் சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளில் விசாரிக்கலாம்.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கோங்க. இழை வலை முறை மந்திரம் இல்லை. பீமோட பழைய பலத்தை ஓரளவுக்குத்தான் கூட்ட முடியும். அமெரிக்க வழிகாட்டி அதுக்கு ஒரு உச்ச வரம்பே வச்சிருக்கு. உள்ளே இருக்கும் கான்கிரீட்டே நொறுங்கிப் போயிருந்தால் எந்த வலையும் காப்பாத்தாது. பரப்பைச் சரியாகச் சுத்தம் செய்யலைன்னா பூச்சோட சேர்ந்து வலையும் கழண்டு வந்துடும். கலவை வலையின் கண்களுக்குள் முழுசா இறங்கலைன்னா, இழுவை வரும்போது இழை உள்ளேயே வழுக்கிடும். எத்தனை அடுக்கு, எந்த இழை என்பதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்யணும்.

மோனியேவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. தொட்டி உடைஞ்சா ஒரு ஆரஞ்சு மரம்தான் போகும். நம்ம தலைக்கு மேல இருக்கிறது தொட்டி இல்லையே! இன்னைக்கு ராத்திரி லைட்டைப் போட்டு ஒரு தடவை உங்க வீட்டு பீமை அண்ணாந்து பார்த்துடுங்க.